கட்டைவிரல் சொன்ன நாடி

என் உடம்பில் நான் துளியும் நம்பாத உறுப்பு ஒன்று உண்டென்றால், அது என் வலது கட்டைவிரல்தான். தேங்காய்ச் சில்லு நெம்ப, போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்க அதைப் பயன்படுத்துவேன். யாருடைய மணிக்கட்டுப் பக்கமும் அதை அண்ட விடமாட்டேன்.

நர்சிங் படிப்பில் மகப்பேறு செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தேன். இந்த முறையும் போனால் தோழிகளெல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள், நான் மட்டும் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். இது போதாதென்று அம்மா மாதா கோயில் பூசைக்குப் போகும் வழியெல்லாம், "எம் மக நர்சாயிட்டா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். ஃபெயிலானால் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் தலைகாட்ட முடியாது.

படிக்காமல் போகவில்லை. கிராவிடா என்றால் எத்தனை முறை கருவுற்றாள், பாரா என்றால் எத்தனை பிரசவம் என்று வீடு முழுக்க நடந்துகொண்டே ஒப்பித்தேன். (அந்தக் காலத்து லத்தீன் பூசை மாதிரி இருக்குடி என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.)

தேர்வன்று பிரசவ வார்டில் எனக்குக் கிடைத்த கர்ப்பிணி கோகிலா. நெய்க்காரப்பட்டியில் பிறந்து ஆத்தூருக்கு வாழ்க்கைப்பட்டவர். தலைப்பிரசவம். கட்டிலில் படுத்திருந்த அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "பயந்துக்காம பாருங்க சிஸ்டர்."

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் தலை கீழே, முதுகு இடது பக்கம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம் வாசலருகே நின்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்குப் பாதி வேலை கிடைத்துவிட்டது.

அடுத்து, குழந்தையின் இதயத் துடிப்பு. அதற்கு ஃபீட்டோஸ்கோப் என்று ஒரு சின்னக் குழல் உண்டு. ஒரு முனை வயிற்றில், மறுமுனை நம் காதில். குழந்தையின் இதயம் தாயுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக ஓடும். அதனால் குழலில் கேட்கும்போதே தாயின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்க்க வேண்டும். காதில் கேட்பதும் கையில் தட்டுவதும் தனித்தனியாக ஓடினால், கேட்பது குழந்தை. இரண்டும் ஒன்றாக ஓடினால், நாம் கேட்பது தாயின் துடிப்பைத்தான். குழந்தையுடையது இன்னும் அகப்படவில்லை என்று அர்த்தம்.

குழலில் வேகமாகக் கேட்டது. சந்தோஷமாக, கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலக் கோகிலாவின் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். கையிலும் அதே வேகம். குழலை நகர்த்தினேன். மறுபடியும் இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின. எனக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்க, கையில் இன்னும் வேகமாகத் தட்டியது.

"மேடம், குழந்தையோட துடிப்பு கிடைக்கல. அம்மாவுக்கும் நாடி தாறுமாறா ஓடுது." மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். பக்கத்துக் கட்டில்களில் பேச்சு நின்றுவிட்டது.

"ஏனுங்க சிஸ்டர், இப்பத்தானுங்க உதைச்சுது" என்றார் கோகிலா. சொல்லி முடிப்பதற்குள் குழந்தை மறுபடியும் உதைத்தது. குழல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை. (புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் உதையைப் பற்றி ஒன்றும் போடவில்லையே!) ஆபத்துக்கென்று படித்து வைத்திருந்தபடி, கோகிலாவை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டு ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்தேன். அது நேராக என் கால்மேல் ஏறியது.

மேடம் அவசரப்படவில்லை. குழலை எடுத்துத் துடைத்து, கேட்டுப் பார்த்தார். பிறகு என்னை முன்போலவே கோகிலாவின் கையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் கட்டைவிரலை மெல்லத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் மற்ற விரல்களை வைத்தார். கோகிலாவின் நாடி நிதானமாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்போல ஓடிக்கொண்டிருந்தது.

"கட்டைவிரலுக்குன்னே ஒரு நாடி இருக்கும்மா. இம்புட்டு நேரம் நீ பாத்தது உன்னோடத. இந்த வார்டுல கவலைக்கிடமா இருக்கது நீ ஒருத்திதான்."

வார்டே சிரித்தது. ஆனால் நான் துடிப்பு இல்லை என்று சொன்னபோது கோகிலாவின் முகம் ஒரு கணம் வெளுத்ததைப் பார்த்திருந்தேன். இன்றும் அதை நினைத்தால் உறுத்தும். மன்னிப்புக் கேட்டேன். "நாந்தான் சொன்னனுங்களே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். மறுபடியும் குழலை வைத்துக் கேட்டேன். குழந்தை வேகமாகவும் தாய் மெதுவாகவும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேடம் என்னைப் பாஸாக்கிவிட்டார். பார்டர் மார்க்தான். இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாய் என்று காரணமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதை என் தம்பியிடம் சொன்னதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு. அதிலிருந்து வீட்டில் யார் பதறினாலும், "கட்டைவிரல எடு" என்பான். கிரிக்கெட்டில் கடைசி ஓவரா, அப்பாவுக்குச் சுகர் டெஸ்ட்டா, எல்லாவற்றுக்கும் அதே மருந்துதான்.

அந்தப் பழக்கம் என் கல்யாணத்தில் வந்து நின்றது. கோயிலில் வாக்குறுதி சொல்வதற்காகக் கைகோத்து நிற்கிறோம். மாப்பிள்ளையின் கட்டைவிரல் என் மணிக்கட்டை அழுத்தியது. "நாடி இம்புட்டு வேகமா ஓடுதே, பயமா இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

"கட்டைவிரல எடுங்க. அது உங்களோடது."

முன்னால் மைக் இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். கோயில் முழுக்கச் சிரித்து அடங்கும்வரை சாமியார் காத்திருந்தார். எங்கள் மகள் கல்யாண வீடியோவில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். அப்பாதான் பயந்தார் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறாள். அவர் இன்றுவரை மறுத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

அவர் விரலை எடுத்த பிறகு, பூச்செண்டின் மறைவில் அவர் நாடியையும் என் நாடியையும் முறைப்படி தொட்டுப் பார்த்தேன். என்னுடையதுதான் வேகமாக ஓடியது. அதை மட்டும் வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.