வலக்கை ஒழுங்குக் குழுவின் மூன்றாண்டுச் சாதனை

மூன்று ஆண்டுகளாக ஒரு அபஸ்வரம்கூட எழாத வயலின் வகுப்பு இந்தப் பூவுலகில் உண்டென்றால், அது மாமல்லபுரம் பக்கத்தில் கடல்காற்று நகர் குடியிருப்புச் சங்கக் கூடத்தில் நடப்பதுதான். மற்ற ஊர்ப் பிள்ளைகள் முதல் நாளே வில்லைத் தந்தியில் வைத்து, 'கர்ர்' என்று இழுத்து மானத்தை வாங்குமே, அந்த அநாகரிகம் இங்கே கிடையாது.

பெருமை முழுவதும் பெற்றோர் குழுத் தலைவர் பாலசுப்ரமணியனுக்கே. ஆராய்ச்சி அலுவலகத்தில் விபத்துத் தடுப்பு அதிகாரி. வீட்டில் அடுப்பு பற்றவைக்கவும் படிவம் வைத்திருப்பவர். முதல் வகுப்பில் டீச்சர் ஜெஸ்ஸி, "வில்லப் புடிச்சி மெதுவா இழுங்க கண்ணுங்களா" என்றதுமே அவர் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் மிஸ். கட்டைவிரல் எத்தனை டிகிரி வளையணும்?"

"இன்னா சார், டிகிரியா? வலிக்காம வளைஞ்சா போதும்."

"'போதும்'ங்கிறது ஒரு அளவா மிஸ்?"

அன்றே 'வலக்கை ஒழுங்குக் குழு' உதயமாயிற்று. முதலாண்டு முழுக்கப் பிள்ளைகள் பென்சில் பிடித்தார்கள். குழு கோணமானி வைத்துக் கட்டைவிரல்களை அளந்து கையெழுத்திட்டது. இரண்டாமாண்டு வில் வந்தது. வில்லில் தேய்க்கும் ரோசின் பிசின் தூள் கண்ணில் படக்கூடாதென்று பாதுகாப்புக் கண்ணாடியும் வந்தது. மாதம் ஒருமுறை அபாய ஒத்திகை: விசில் கேட்டால் வில்லைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் கூட வேண்டும். நாற்பதே விநாடியில் கூடினார்கள்! மூன்றாமாண்டு, தந்திக்கு இரண்டு விரற்கடை மேலே, காற்றில் வில்லை இழுக்க அனுமதி கிடைத்தது. சுண்டுவிரல் வளைவென்ன, மணிக்கட்டின் நளினமென்ன, அடடா! காதுக்குத்தான் வேலை இல்லை.

இந்தப் பொற்காலத்திலும் குறை கண்டவள் பத்து வயது ரோகிணி ஒருத்திதான்.

"மிஸ், ஆண்டு விழாவுல நெஜமா ஒரு பாட்டு வாசிக்கணும். இல்லன்னா எனக்கு வயலினே வேணாம்."

ஜெஸ்ஸி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினாலு பிள்ளைகளில் பாட்டு வேண்டுமென்று கேட்டது இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் தான் டீச்சர் என்று சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம்?

"சனிக்கெழம அம்மாவோட எங்க வூட்டுக்கு வா. யாராண்டயும் மூச்சு வுடாத" என்றாள்.

ஜெஸ்ஸியின் வீடு சிற்பக்கூடத்துக்குப் பின்னால். அந்த உளிச்சத்தத்தில் யானை பிளிறினாலும் தெருவுக்குக் கேட்காது. சனிக்கிழமைதோறும், ஆறு மாதம், ரோகிணி ஆசை தீரக் 'கர்ர்' என்று இழுத்தாள்.

ஆண்டு விழா வந்தது. மேடையில் பதினாலு வில்கள் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. ஐந்து நிமிடம் ஒரு சத்தமில்லை. தலைமை விருந்தினர் காதைக் குடைந்துகொண்டு, "மைக் போடலையா?" என்றார்.

"இது அடித்தளம் சார். ஓசை அடுத்த கட்டம்" என்றார் பாலசுப்ரமணியன், பூரித்துப்போய்.

அப்போதுதான் ரோகிணி தன் வில்லை இரண்டு விரற்கடை இறக்கினாள். முதலில் கரகரத்தது. பிறகு பாட்டு வந்தது. நாலே வரி, இரண்டாவதில் கொஞ்சம் பிசகு. ஜெஸ்ஸிக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டம் எழுந்து விசிலடித்தது. விசில் கேட்டதும் மற்ற பதின்மூன்று பேரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். ரோகிணி மட்டும் தனியாக உட்கார்ந்து வாசித்து முடித்தாள்.

திங்களன்று விசாரணை. படிவத்தில் 'அசம்பாவிதம்' என்ற இடத்தில் 'இசை' என்று குழுவே நிரப்பிவைத்திருந்தது.

"மூல காரணத்தை மட்டும் நீங்க எழுதுங்க மிஸ்" என்றார் பாலசுப்ரமணியன்.

ஜெஸ்ஸி பேனாவை வாங்கி, வளைய வேண்டிய கோணத்தில் கட்டைவிரலை வளைத்து, அழகாக எழுதினாள்:

"இந்தக் குழந்தைக்குச் சேரும்போதே பாட்டுப் பிடித்திருந்தது. மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பிறகும் அது போகவில்லை. மற்ற பதின்மூன்று பேரும் பூரண குணமடைந்துவிட்டார்கள்."