இரங்கல் பலகைக்கு விளக்கு உண்டு

சூரியன் லைசென்ஸ் இல்லாமல் உதிக்கிறது. எவ்வளவு உயரத்தில் நிற்கலாம், யார் கண்ணில் எத்தனை மணி வரை அடிக்கலாம் என்று அதற்கு ஒரு விதியும் கிடையாது. படைத்தவன் மறந்துபோன இந்தக் காரியத்தை 1974-ஆம் ஆண்டில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில், ஏரிமுனைப்பேட்டைப் பஞ்சாயத்து செய்து முடித்தது. 'சாலையோர விளம்பரப் பலகைகள் நாட்டுதல் மற்றும் ஒளியூட்டுதல் விதிகள்' என்ற அந்தப் பதினாறு பக்கத்தை வாசித்தவர்கள் எல்லாரும் புல்லரித்துப் போனார்கள். வாசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதை எழுதிய பலகை ஆய்வாளர் பூவராகவன். இன்னொருவர் அதில் மாட்டிக்கொண்ட சைக்கிள் கடை நூர் அகமது.

நூர் அகமது பழவேற்காட்டிலிருந்து வந்து, தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் கடை போட்டவர். கடைக்கு நாற்பது அடி தள்ளிப் பஞ்சாயத்து ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக வெட்டியது. குழாய் வரவில்லை, ஐப்பசி மழை வந்துவிட்டது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். ஆறு மணி ஷிஃப்ட் விட்டு இருட்டில் சைக்கிளில் வருகிறவர்கள் தினம் ஒருவராக விழுந்தார்கள். மீன் விற்கிற முத்தம்மாள் கூடையோடு விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கோணல் சக்கரங்களால் நூர் அகமதுவின் வியாபாரம் செழித்தது. அந்த வியாபாரத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பலகையில் 'ஜாக்கிரதை, பள்ளம்' என்று எழுதி நட்டு, மேலே ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார். விழுவது நின்றது.

ஆனால் மனிதர் ஒரு தப்பு செய்துவிட்டார். நம் ஊரில் கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தாலும், வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதில் பேரை எழுதித்தான் கொடுப்பார்கள். அவரும் பலகையின் அடியில் 'உபயம்: நூர் அகமது சைக்கிள் மார்ட்' என்று எழுதிவிட்டார்.

மறுநாளே பூவராகவன் அளவு டேப்போடு வந்து நின்றார்.

"இது விளம்பரம், பாய்."

"பள்ளத்துக்கு ஆரு சார் வெளம்பரம் குடுப்பாங்கோ?"

"அடியில உங்க பேர் இருக்கே. ரோட்டுலேருந்து முப்பது அடி தள்ளித்தான் வெக்கணும். விளக்கு ரோட்டைப் பார்க்கக் கூடாது. வண்டி ஓட்டறவன் கண்ணு கூசும்."

"முப்பது அடி தள்ளினா நெல்லு வயலு சார். நெல்லு இன்னாத்துக்கு சார் ரோட்டாண்ட வந்து வுழப்போவுது?"

"அது நெல்லோட பிரச்சினை."

நூர் அகமது தன் பேரை அழித்தார். பூவராகவன் மறுபடி வந்தார். "இப்போ இது அனாமதேய விளம்பரம். இன்னும் பெரிய குத்தம்."

இதற்குள் ரோட்டின் மேலேயே பஞ்சாயத்துத் தலைவர், 'தொழிலதிபர்களே வருக' என்று கலர் பல்பு சுற்றிய வளைவு ஒன்றைக் கட்டியிருந்தார். அது விளம்பரம் அல்ல, 'வளர்ச்சி' என்று பூவராகவன் பொறுமையாக விளக்கினார்.

வீட்டில் விதிகளை எழுத்துக்கூட்டி வாசித்த நூர் அகமது பதினோராம் விதியில் நின்றார். 'இரங்கல் பலகைகள் எவ்விடத்திலும், எவ்வித விளக்குடனும் வைக்கப்படலாம்.'

"ஹாஜிரா, செத்தவங்களுக்கு மட்டும் எல்லா சலுகையும் குடுத்துக்கிறாங்கோ" என்றார் மனைவியிடம்.

"அப்போ செத்தவங்க பேர்லயே வெச்சுடுங்களேன்" என்றாள் அவள், மீன் அரிந்துகொண்டே.

புதுப் பலகை வந்தது. 'இப்பள்ளத்தில் விழுந்து மறைந்த ............ அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' மேலே அதே விளக்கு.

இரும்புக் கம்பெனியில் கூலி வேலை செய்கிற முனுசாமி தினமும் கடையில் நின்று காற்றடித்துப் போகிறவன். பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "எம்பேரப் போட்டுக்க பாய். என் கண்ணாலப் பத்திரிகைலகூட எம்பேர பொடி எழுத்துலதான் போட்டாங்கோ."

"பேஜாரு பண்ணாத நைனா. மொதல்ல வாயக் கழுவு" என்று நூர் அகமது நிஜமாகவே சீறினார். முனுசாமியை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பூவராகவன் வந்தார், திகைத்தார்.

"போனது யாரு?"

"இன்னும் ஆரும் போவல சார்."

விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். "பதினஞ்சு நாள் டைம் தரேன். அதுக்குள்ள பேரைப் பூர்த்தி பண்ணி, டெத் சர்டிபிகேட்டோட ஆபீசுக்கு வரணும்."

அந்தப் பதினைந்து நாளும் விளக்கு எரிந்தது. ஒருவர்கூட விழவில்லை. பலகைக்கு வினையாக முடிந்ததே அதுதான். பதினாறாம் நாள் காலை, 'விண்ணப்பதாரர் மரணத்தை நிரூபிக்கத் தவறிவிட்டார்' என்று ஃபைலில் எழுதிவிட்டு, பூவராகவன் பலகையையும் விளக்கையும் பறிமுதல் செய்தார். 'அரிக்கேன் விளக்கு ஒன்று, திரி சகிதம்' என்று ரசீதும் கொடுத்தார். நேர்மையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

விளக்கையாவது வாங்கி வரலாமென்று நூர் அகமது நாலு மணிக்கு ஆபீசுக்குப் போனார். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆறு மணிச் சங்கு கேட்டது.

"சார், ஷிஃப்ட் வுட்டுட்டான் சார். மழை வேற தூறுது. குடுத்துடுங்க சார், ஓடிப்போய் மாட்டிடறேன்."

"இருங்க பாய். உயரத்தைக் குறிச்சுக்காம எப்படித் தரது?" என்று பூவராகவன் விளக்கை அளந்துகொண்டிருந்தார். கொடுத்தபோது மணி ஆறே முக்கால்.

ஏற்றிய விளக்கோடு ஓடி வந்த நூர் அகமதுதான் முதலில் பார்த்தார். தண்ணீருக்கு மேலே ஒரு சக்கரம் தெரிந்தது. அன்று காலை அவரே கோணல் எடுத்துக் கொடுத்த சக்கரம். முனுசாமியின் தலை, பள்ளத்தின் அடியில் கிடந்த கருங்கல்லில் மோதியிருந்தது. சேற்றில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு நூர் அகமது கதறினார்.

பஞ்சாயத்து சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூடியது. மூன்றே நாளில் பள்ளத்தின் விளிம்பிலேயே எட்டடிப் பலகை எழுந்தது, இரண்டு டியூப் லைட்டுகளோடு. 'இப்பள்ளத்தில் விழுந்து மறைந்த முனுசாமி அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' பெயர் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது. சர்டிபிகேட் ஃபைலில் இருந்தது. அடியில் கொட்டை எழுத்தில், 'உபயம்: ஏரிமுனைப்பேட்டைப் பஞ்சாயத்து.'

"பள்ளத்த எப்போ சார் மூடுவீங்கோ?" என்று கேட்டார் நூர் அகமது.

பூவராகவன் டேப்பைச் சுருட்டினார். "அதுக்கென்ன பாய் அவசரம்? இவ்வளவு வெளிச்சத்துல இனிமே யார் விழப்போறா?"

"இதையேதான் சார் நான் ஒத்த அரிக்கேன் வெளக்க வெச்சுக்கினு சொன்னேன்" என்றார் நூர் அகமது. "அப்போ முனுசாமி சைக்கிள்ல போய்க்கினு இருந்தான்."