என் பேரில் போன ரத்தம்

ஏற்காடு,
14.6.1998

அன்பு மாப்பிள்ளை செல்வராஜுக்கு,

மச்சான் சென்றாயன் மிளகுக் கடையில் உட்கார்ந்து எழுதுவது. உங்கள் அக்கா காமாட்சியும் பிள்ளைகளும் சுகம். தங்கச்சியும் குழந்தைகளும் உங்கள் மருந்துக்கடையும் நல்லபடியாக இருக்க மலைச்சாமி சேர்வராயன் துணை. நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. இந்த ஊரில் அதை நம்ப ஆள் இல்லை.

எனக்கு ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய் என்று சர்க்கார் காகிதம் வந்த சேதி உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். மார்க்கெட்டிலேயே உறையைப் பிரித்து, கணக்கெழுதும் ரைட்டரிடம் கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொன்னது என் புத்தி. பாராட்டுக் கடிதம் என்று நினைத்துவிட்டேன். முதல் வரியில் என் பேர், அடுத்த வரியில் ரைட்டர் குரல் இறங்கியது, கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. அன்று முதல் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சவரம் செய்கிறவர் "தாடி உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திருவிழா அன்னதானத்தில் பரிமாறப் போனவனை உட்கார வைத்து, என் கைக் கரண்டியை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். சாப்பாட்டில் ஒட்டாது, ரத்தத்தில்தான் ஏறும் என்று சேலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேட்பாரில்லை. உங்கள் அக்கா மூன்று வேளையும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். நானோ இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். அதையும் வீக்கம் என்கிறாள்.

மாப்பிள்ளை, இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. அவர்கள் சோதித்த ரத்தம் என்னுடையது இல்லை.

போன ஐப்பசியில் குப்பனூர் ரோட்டில் மண் சரிந்து பஸ் உருண்ட காலையில், கடைவீதியிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனவன் நான்தான். அதில் பொய் இல்லை. ஆனால் நான் வளைவிலேயே நின்று, ஒரு கையில் குடையும் மறு கையில் கயிற்றின் நுனியுமாக "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் இறங்கியவன் என் கடைச் சுமைக்காரன் சித்தன். உடைந்த கண்ணாடி இரண்டு உள்ளங்கையையும் கிழித்துவிட, அந்தக் கையோடேயே காப்பிச் சாக்கில் தூளி கட்டி ஏழு பேரை மேலே ஏற்றினான். அவன் ரத்தம் எது, அடிபட்டவர் ரத்தம் எது என்று பிரிக்க முடியாது. லாசர், அங்கப்பன், பொன்னுவேல் என்று இன்னும் பத்துப் பேர் கூட இறங்கினார்கள். இறங்கியவர்கள் பேர் எழுத கலெக்டர் ஆபீஸ் ஆள் வந்தபோது சித்தன் கைக்குத் தையல் போடப் போயிருந்தான். பதினோராவது யாருங்க என்று கேட்டார். என் பேரைச் சொன்னேன். கலெக்டர் கையால் சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். சித்தன்தான் ஆணி அடித்தான்.

ஆறு மாதம் கழித்து, அந்த பஸ்ஸில் அடிபட்ட ஒருவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்து, தூக்கியவர்கள் எல்லாரும் ரத்தம் கொடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ஊசி என்றால் எனக்கு நாக்கு வறளும், உங்களுக்கே தெரியும். சித்தனைக் கூப்பிட்டு, "என் பேரைச் சொல்லிக் குடுத்துட்டு வாடா சாமி" என்றேன். பள்ளத்தில் இறங்கியவன் ரத்தம்தானே அவர்களுக்கு வேண்டும், நியாயம் இதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கீழே சேலத்திலிருந்து வந்த நர்ஸுக்கு யார் சென்றாயன், யார் சித்தன் என்று என்ன தெரியும்? பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. என் பேருக்கு வந்தது.

ஊர் ஒதுக்கினால் ஒதுக்கட்டும், அதைத் தாங்கிவிடுவேன். இந்த நோய் ஈரலுக்குள் இருபது வருஷம் சத்தமில்லாமல் கிடக்குமாம். சாராய வாடை பட்டால் சீக்கிரம் தின்றுவிடுமாம். டாக்டரம்மா என்னிடம், "ஒரு சொட்டுத் தொடக்கூடாது" என்றார். நான் ஆயுசில் தொட்டதில்லை. தொடுகிறவன் எதிரே மூட்டை தூக்குகிறான். சாயங்காலமானால் பிராந்திக் கடைக்குப் போகிறான். நேற்று வழியை மறித்து, "இன்னையோட உட்ருடா" என்றேன்.

"ஏனுங்க மொதலாளி, சீக்கு உங்களுக்கு, பத்தியம் எனக்குங்களா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் பிழைப்பான். நான் பட்டியலில் பேர் திருடியவன் ஆவேன். சொல்லாவிட்டால் என் பேர் நிற்கும், அவன் போய்விடுவான். மிளகு மூட்டையில் கல் கலக்காமல் முப்பது வருஷம் சம்பாதித்த பேர் இது. ஒரு பதினோராவது ஆளாக நிற்க ஆசைப்பட்டு இப்படி ஆகிவிட்டது. ராத்தூக்கம் போய், கணக்கில் தப்பு விழுகிறது. கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடலாமா என்றிருக்கிறது.

ஆகவே காப்பிக்கொட்டை கொடுத்து வா என்று சித்தனைச் சேலத்துக்கு உங்களிடம் அனுப்புகிறேன். எதையாவது சொல்லி, அவன் பேரிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து, வைத்தியம் ஆரம்பித்துவிடுங்கள். அக்காவுக்கோ டாக்டரம்மாவுக்கோ மூச்சு விடாதீர்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும். அவர்கள் பேர் அவர்களோடேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மச்சான் சென்றாயன்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சித்தனைக் கூப்பிட்டேன். மூட்டையை இறக்கிவிட்டு இளைத்தபடி வந்து நின்றவனைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அது என்ற ரத்தம்னு ஆருங்க சொன்னது?"

"எம் பேருக்கு நீதானடா குடுத்தே?"

"இல்லீங்க. பேரையும் ரத்தத்தையும் ஒரே பாட்டல்ல அடைச்சு முன்னப்பின்ன தெரியாதவிய கையில குடுக்கலாமுங்களா? அப்பறம் அவிய நம்மளுக்குச் செய்வினை வெச்சுப்போடுவாங்கல்ல? வரிசையில நிக்கறப்பவே எல்லாரும் பேர மாத்திக்கிட்டமுங்க. உங்க பேர லாசர் வாங்கிக்கிட்டாருங்க. மொதல்ல மாட்டேன்னாரு, அப்பறம் சிலுவை போட்டுக்கிட்டு ஒத்துக்கிட்டாரு."

"அப்ப அது லாசர் ரத்தமா?"

"அதுவும் சொல்ல முடியாதுங்க. அவரு பயந்துக்கிட்டு மறுக்கா பொன்னுவேல்கிட்ட மாத்துனாரு. அதுக்கு மேல ஆரு ஆருகிட்ட மாத்துனாங்கன்னு வெளங்கலீங்க."

மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்ற காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் இந்த மலையில் நிம்மதியாகத் திரிகிறார்கள். சித்தனிடம் காகிதம்கூட இல்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவனுக்குள் அது கிடக்கிறது. யாருக்கென்று சேர்வராயனுக்குத்தான் தெரியும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு சேலம் வருகிறேன். டாக்டரம்மாவிடம் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். சான்றிதழைக் கழற்றியாகிவிட்டது. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டுவருகிறேன். நேரில் இவ்வளவும் சொல்ல எனக்கு வாய் வராது.

சித்தன் இன்னும் போகாமல் வாசலில் நிற்கிறான். என்னடா என்றால் கேட்கிறான்:

"ஏனுங்க, நாளைக்கு நான் ஆரு பேருக்குங்க குடுக்கோணும்?"