கப்பலில் வந்த மசக்கை

தீவுக்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. கப்பலில் வாந்தி எடுப்பதெல்லாம் மெயின்லேண்ட்காரர்கள் வேலை, நமக்குக் கடல் பழகிவிட்டது என்போம். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. (இப்போது எலுமிச்சம்பழம் இல்லாமல் படகில்கூட ஏறுவதில்லை.)

இது எழுபதுகளில் நடந்தது. இரண்டு பிள்ளை போதுமென்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் சின்னவன் காய்ச்சலில் போய்விட்டான். மூத்தவள் பள்ளிக்கூடம் கிளம்பியதும் வெறும் வீட்டைப் பார்க்க முடியாது. மறுபடி ஒரு குழந்தை வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. என் கணவர் எங்கள் பேட்டையான ஜங்லிகாட்டில் வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையைப் பூட்டினார், மூத்தவளை நாத்தனாரிடம் விட்டார், என்னை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார்.

"கட்டினதைப் பிரிச்சு ஒட்டியாச்சும்மா. குழந்தை நிக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. உடம்பு தேறக் கொழுந்தனார் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டுக் கப்பல் ஏறினோம். அந்த மாதம் நாள் வேறு தள்ளியிருந்தது.

நடுக்கடலில் புயல்காற்று. எனக்குக் குடலைப் பிடுங்கும் வாந்தி.

"ஏங்க, நான் என்னைக்காச்சும் கப்பல்ல வாந்தி எடுத்திருக்கேனா?"

"இல்லையே" என்றவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இது அதுதான்."

சுற்றிலும் இருந்த அத்தனை பேரும், பெரிய மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் உட்பட, வாளியும் கையுமாகக் கிடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கடல், எனக்கு மட்டும் மசக்கை. மாத்திரை கொடுக்க வந்த கப்பல் கம்பவுண்டரை, "வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று விரட்டினேன். கணவரோ ஒயர்லெஸ்காரரைப் பிடித்து ஊருக்கே தந்தி கொடுத்துவிட்டார்.

கப்பல்துறை ஜெட்டியில் பாதி ஜங்லிகாட் நின்றது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், "ஆராம் ஸே பாபி, மெதுவா" என்று என் முழங்கையைத் தாங்கினாள். நாத்தனார் மாங்காய் ஊறுகாய் ஜாடியோடு வந்திருந்தாள்.

"மைனி, வாய்க்கு என்ன கேக்குது?"

உண்மையில் துறைமுகத்துக்குள் நுழைந்ததுமே வாந்தி நின்றுபோய், பசி கொன்றுகொண்டிருந்தது. இரண்டு பேருக்குச் சாப்பிடு என்றார்கள். வெட்கமில்லாமல் நாலு பேருக்குச் சாப்பிட்டேன். மறுநாள் காலை வீட்டுக்கு விலக்காகிவிட்டேன்.

நாத்தனார் ஊறுகாய் ஜாடியை என் கண்ணில் படாமல் எடுத்து வைத்தாள். அதுதான் தாங்கவில்லை. கொல்லைப்புறத்தில் நின்று அழுதேன். கணவர் வந்து, "முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லலையே" என்றார். அதை நம்பி, மாதாமாதம் நாள் தள்ளுமா என்று காலண்டரைப் பார்த்தே பல வருஷம் ஓடியது. குழந்தை வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்குக் கப்பலில் வாந்தி வந்தாலும், "பேர் வச்சாச்சா?" என்று கேட்பார்கள். மருமகனைக்கூட விடவில்லை. நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். அந்தக் கப்பலில், வாந்திக்கு நடுவே, நான் நிஜமாகவே ஒரு பேர் வைத்திருந்தேன்.