எந்தக் கல் என்று கேட்ட சம்பந்திக்கு

சம்பந்தி ஆகவிருந்து கடைசி நேரத்தில் பின்வாங்கிய ஐயா அவர்களுக்கு, முப்பத்திரண்டு வருடம் எடைமேடையில் லாரிகளை எடைபோட்டு ஓய்வுபெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, முறைக்காக எழுதிவிட்டேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருப்பதை நான் மறைக்கவில்லை. நீங்கள் முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று காபி கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான் என்று நானே சொன்னேன். அப்போது தலையாட்டிவிட்டு, போன வாரம் தொலைபேசியில், "ரத்தத்துலயே இருக்குங்களே, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு வந்தா? இது உங்க அப்பா பக்கமா, அம்மா பக்கமா?" என்று கேட்டு என் மகள் கல்யாணத்தை நிறுத்தினீர்கள்.

நான் எட்டாவது தாண்டாதவன்தான். ஆனாலும் நூலகத்தில் மரபணு பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் படித்தேன், புரியாத பக்கங்களை இரண்டு தடவை. பிறகு, எங்கள் ரத்தம் சுத்தம் என்று ஒரு சான்றிதழ் வாங்கி உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவதற்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்குத் தம்பி. ஊசியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்ற, நான் சாய, அவன் தாங்கிப் பிடிக்க, ஓடிவந்த நர்ஸம்மா நோயாளிப் பட்டையை என் கையில் மாட்டிவிட்டு அவனிடம், "உங்க அண்ணனுக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்றார். "பிறந்ததுலேர்ந்துங்க. பிடிவாதம். இதுக்கு மாத்திரையே கிடையாது" என்றான். அதை அவர் எழுதியும் வைத்தார். அந்த வரியை அடித்துவிடச் சொல்லி அரைமணி நேரம் வாதாடினேன். அடியில் கோடு போட்டார்.

டாக்டரம்மா சான்றிதழ் தரவில்லை. "அப்படிச் சுத்தமான ரத்தம் யாருக்குமே கிடையாதுங்க ஐயா. சின்னச் சின்ன மாறுதல் எல்லார்கிட்டயும் ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணொண்ணும் தூசி மாதிரி. சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாச் சேருது" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. உங்களுக்குப் புரியாது, நீங்கள் ஜல்லி லாரியை எடைபோட்டதில்லை. பாரம் கூடிய வண்டியில் ஏறி, எந்தக் கல்லால் கூடியது என்று எவனாவது தேடுவானா? பாரம் கூடிய வண்டியெல்லாம் அச்சு முறிந்து நிற்பதுமில்லை. பாதையின் மேடு பள்ளமும் சேர வேண்டும். கணக்கும் கேட்டுக்கொண்டு வந்தேன்: யாரை எடுத்தாலும் நூறு பேரில் ஒருவருக்கு வரலாமாம். சித்தப்பாவுக்கு இருந்தால் நூறில் ஏறக்குறைய மூன்று பேருக்கு. என் மகள் பெறப்போகும் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. மீதித் தொண்ணூற்றேழை எண்ண உங்களுக்கு விரல் போதவில்லை போலிருக்கிறது.

என் தம்பி பதினெட்டு வருடமாகக் காலை எட்டு மணி மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நீங்களோ எங்கள் வீட்டில் சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டு மூன்று முறை இனிப்பு கேட்டு வாங்கினீர்கள், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டவனும் அவன்தான். என் மகளுக்கு சைக்கிள் பழக்கியவனும் அவன்தான். அவன் என் தம்பி என்பதில் எனக்குப் பெருமை. அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு நான் பெண் கொடுக்கமாட்டேன். ஆகவே இந்தச் சம்பந்தத்தை நீங்கள் நிறுத்தவில்லை, நான் நிறுத்துகிறேன். உங்கள் மகன் இனி எங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது.

வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கம். உங்களுக்குச் சர்க்கரை குறைய என் ஆசிகள். வயதில் நான் நான்கு மாதம் மூத்தவன்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்.

பின்குறிப்பு: இதைக் கொண்டுவந்து தருபவர் உங்கள் மகன்தான். மூன்று நாளைக்கு முன் பெட்டியோடு வந்து, "நீங்க எழுதி முடிங்க மாமா, நான் இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். என்னை மிஞ்சிய பிடிவாதம். இது எந்தப் பக்கத்து ரத்தம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலை பத்து மணி, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். முதல் சாட்சி என் தம்பி. இரண்டாம் சாட்சிக்கு என்னையே போடச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை, அந்த இடம் காலியாக இருக்கிறது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரவும். இனிப்பு உண்டு.