எறும்பு ஒழிந்த நாடு

பாகுநாடு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடிப் பொழுதை வீணாக்க வேண்டாம். அந்நாட்டு மன்னர் இனியகோன் ஒருநாள் அதிரசத்தைக் கடித்தபோது, அதிலிருந்த எறும்பு பதிலுக்கு அவர் உதட்டைக் கடித்துவிட்டது. அன்று மாலையே எறும்பு ஒழிப்புத் துறை பிறந்தது. கிராம்பு, மஞ்சள், மிளகாய் மூன்றையும் இடித்த அரசுப் பொடியை எல்லோரும் வாசலில் கோடாகப் போட வேண்டும் என்று முரசறைந்தார்கள்.

செங்கமலம் கயிறு திரித்துப் பிழைப்பவள். கணவன் இல்லை, இரண்டு வயது மகள் பூவாயி மட்டும்தான். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை. கேழ்வரகுக் கூழைத் தவிர வேறெதுவும் அதன் வயிற்றில் தங்கவில்லை. மாவுப் பானையில் எறும்பு ஏறாமல் இருந்தால் போதும் என்று, செங்கமலமும் சொன்னபடியே பொடியைப் போட்டாள். எறும்புகள் கோட்டருகே வந்தன, மீசையை ஆட்டி யோசித்தன, திரும்பிப் போய்ச் சுவர் விரிசல் வழியாக உள்ளே வந்து பானையில் ஏறின. பாவம், அவற்றுக்கும் வயிறு இருக்கிறதே.

துறை அதிகாரி அம்பலவாணர் சோதனைக்கு வந்தார்.

“ஐயா, பொடி கேக்கலீங்க. எறும்பு அது பாட்டுக்கு உள்ள வந்துடுது.”

“எந்த வழியாக?”

“செவுத்து விரிசல் வழியாங்க.”

“போட்ட கோட்டைத் தாண்டியதா?”

“அதெல்லாம் தாண்டலீங்க...”

“அப்படியானால் பொடி வெற்றி. விரிசல் உன்னுடையது, பொடிதான் அரசாங்கத்துடையது.”

அமைச்சரவை விருந்துக்கு இடையிடையே கூடிப் பேசியது. பொடியில் பழுதில்லை, மக்கள் வீட்டில் இனிப்பு வைத்திருப்பதே பழுது என்று முடிவாயிற்று. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் பாதுகாப்புக்காக அரண்மனைப் பண்டகசாலைக்குப் போயின. எறும்புகள் அரிசிக்கும் எண்ணெய்க்கும் தாவின. அவையும் போயின. மக்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தால் வாயில் எச்சில் ஊறும், எச்சில் எறும்பை இழுக்கும் என்று அதற்கும் தடை வந்தது.

கடைசியில் பானையைத் தூக்க வந்தார்கள். செங்கமலம் குறுக்கே விழுந்தாள்.

“ஐயா, புள்ளைக்குக் கூழு காய்ச்ச வச்சிருக்கேன். இத மட்டும் விட்டுடுங்க. எறும்பு தின்னது போக மிச்சம் இருந்தாக்கூட எங்களுக்குப் போதும்.”

“தாயே, இது எப்போதும் உன் மகளுடைய மாவுதான். எங்களிடம் இருக்கப்போகிறது, அவ்வளவே,” என்றார் அம்பலவாணர், கண்கலங்கி. அவர் கண் எப்போதும் நேரம் பார்த்துக் கலங்கும்.

சில நாட்களில் எந்த வீட்டிலும் எறும்பு இல்லை. மன்னர் வெற்றி விழா அறிவித்தார். பொடிக்கு விருது கொடுத்தார். செங்கமலத்தின் வாசலிலும் சேவகர்கள் மாவிலை கட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே பூவாயி அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் தோளில் துவண்டு கிடந்தாள். கனமே தெரியவில்லை. சொல்கிறவனுக்கே வயிறு எரிகிறது, பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிள்ளையோடு தண்ணீர் எடுக்க வெளியே வந்தவள், தெருவோரம் ஓர் எறும்பு வரிசையைக் கண்டாள். மாவிலை கட்டிய வீடுகளை ஏறெடுத்தும் பார்க்காமல் அது நேராக அரண்மனைப் பக்கம் போயிற்று. செங்கமலம் குடத்தை வைத்துவிட்டு அதன் பின்னால் நடந்தாள்.

“எங்கடி போற?” என்றாள் பக்கத்து வீட்டு மருதாயி.

“சோறு இருக்கிற எடம் இதுக்குத் தெரியும்க்கா.”

மருதாயியும் வந்தாள். தெருவே வந்தது. அடுத்த தெருவும் வந்தது.

மன்னர் மேல்மாடத்திலிருந்து பார்த்தார். “அமைச்சரே, கறுப்பாக ஏதோ வரிசை வருகிறதே?”

“எறும்புகள்தான், மன்னா.”

“இவ்வளவு பெரிதாகவா? பொடியைக் கொட்டச் சொல்லும்!”

பண்டகசாலை வாசலில் ஒரு சேவகன் கூடையோடு ஓடிவந்து கோடு போட்டான். நெடி மூக்கைத் துளைத்தது, பூவாயி தும்மினாள். செங்கமலம் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தம்பி, வழிய விடுப்பா.”

சேவகன் மேல்மாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். கூடையைக் கீழே வைத்தான். கதவின் தாழை விலக்கிவிட்டு, தானும் போய் வரிசையில் நின்றுகொண்டான். அவன் வீட்டிலும் எறும்பு போன வாரமே ஒழிந்திருந்தது.