விலைகள் மீது இறுதி யுத்தம்

2008 ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டி புத்தளத்துக்குப் புறப்பட்டது.

இந்த நாட்டில் போரை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்த பெருமை வானொலி விளம்பரங்களையே சாரும். அரசாங்கம் அதை வடக்கில் வைத்துக்கொண்டிருந்தது. புத்தளம் கரையோரத்துக்குக் கிடைத்தவை அகதிகளும் சோதனைச் சாவடிகளும் மட்டுமே. அந்தப் பாரபட்சத்தை விளம்பரங்கள் நீக்கின. மாம்புரியைத் தாண்டுவதற்குள் எங்கள் வானுக்குள் மூன்று சமர்கள் நடந்துவிட்டன. ஒரு நுளம்புச் சுருள் கொசுப்படையைச் சுற்றிவளைத்துத் தாக்கியது. ஒரு பற்பசை கிருமிகளின் முகாம்களைத் தரைமட்டமாக்கியது. ஒரு சவர்க்காரத் தூளிடம் கறைகள் ஆயுதங்களோடு சரணடைந்தன.

"பாவம், நுளம்புக்கிட்ட அடையாள அட்டை இல்லப்போல," என்றார் என் ராத்தா ஆசியா உம்மா.

மாப்பிள்ளை அவர் மகன் சுஹைர். நான் தாய்மாமன், நிக்காஹ்வுக்குச் சாட்சி.

"ஹயாத்து காக்கா, அந்த ரேடியோவக் கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்," என்றான் சுஹைர். "தலை வெடிக்குது."

"நிப்பாட்டலாம்," என்றார் சாரதி ஹயாத்து முகம்மது. "பாதைய மூடினா யாரு சொல்லுவா? ஒன்ட மாமனாரா?"

பாதை மூடியதால் நிக்காஹ் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது நாளைக் குறித்தபோது பெண்ணின் வாப்பா முத்தலிபு சொல்லியனுப்பினார்: "அஸர் தொழுது முடியிறதுக்குள்ள மாப்பிள்ளை பள்ளியில ஈக்கணும். இல்லாட்டி வேற இடம் பாப்பேன்." ஆகவே பாதையின் நிலைமையை அறிய வானொலி ஓடியே ஆகவேண்டும். வானொலியும் பாதையைப் பற்றிச் சொல்லத்தான் செய்தது, விளம்பரங்களுக்கு இடையே மூச்சு வாங்கும்போது.

பாலாவிக்கு முன்னால் சாவடி. குறுக்குக் கம்பு இறங்கியிருந்தது. காவலுக்கு ஒரே ஒரு சிப்பாய். ஹயாத்து காக்கா கண்ணாடியை இறக்கினார். சரியாக அந்த நேரத்தில் இரண்டு வெடிச்சத்தங்கள் கேட்டன. தத்ரூபமானவை.

"அதிரடி! பொன்னாடை மாளிகையில் விலைகள் மீது இறுதி யுத்தம்! இன்று மாலை புத்தளத்தில் குண்டு வெடிக்கும் கழிவு! முப்பதாம் திகதியோடு எல்லாம் முடிவு!"

சிப்பாய் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தான். பிறகு துப்பாக்கி எழுந்தது. அதன் பின்னால் அவனும் எழுந்தான்.

"இறங்கு!"

இறங்கினோம். படையினருக்கு அவசரத் தமிழ் வகுப்பு ஒன்று நடந்திருக்கிறது. அதில் 'இறங்கு', 'குண்டு', 'யுத்தம்', 'தாக்குதல்' எல்லாம் இருந்தன. தள்ளுபடி என்று பொருள்படும் 'கழிவு' இல்லை.

"எங்க குண்டு?"

"கடையில, சேர்," என்றார் ஹயாத்து காக்கா. பொய் பேசத் தெரியாதவர்.

"எப்ப குண்டு?"

"பின்னேரம், சேர். அவங்களே சொல்றாங்கதானே."

அதன் பிறகு எங்களை வரிசையில் நிறுத்தினான். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன வட்டிலாப்ப இனிப்புச் சட்டிக்குள் ஒரு கம்பி இறங்கி ஏறியது. மாப்பிள்ளையின் கோட்டு உள்ளும் புறமும் புரட்டப்பட்டது.

நான் சிங்களத்தில் விளக்கினேன். இது துணிக்கடை, சாரம், சேட்டு, மலிவு விற்பனை. அவன் பாதிதான் நம்பினான். விளம்பரங்கள் தம் கடமையில் என்றும் தவறுவதில்லை. அதே வெடிச்சத்தங்கள் மறுபடி கேட்டன. இம்முறை அவன் விழவில்லை. தலையை வானுக்குள் நீட்டிக் கேட்டுவிட்டு, சிங்களத்தில் "சொல்லுக்குச் சொல் சொல்லுங்க," என்றான்.

சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் விடவில்லை. இறுதி யுத்தம். முப்பதாம் திகதியோடு எல்லாம் முடிவு.

துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது.

"எங்க போறீங்க?"

"கல்யாணத்துக்கு," என்று சுஹைரைக் காட்டினேன். "இதோட மூணாவது தரம்."

அவன் சுஹைரைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே வயதிருக்கும். தனக்கும் கல்கமுவப் பக்கம் ஒரு பெண் பார்த்து வைத்திருப்பதாகச் சிங்களத்தில் சொன்னான். யுத்தம் முடியாமல் லீவு இல்லையாம். பெண் வீட்டார் திகதி கேட்கிறார்களாம்.

தூரத்துப் பள்ளியில் அஸருக்குப் பாங்கு எழுந்தது.

"தம்பி, கெதியா ஏதாச்சும் சொல்லிட்டு வா," என்று ராத்தா என்னை அவசரப்படுத்தினார். "தொழ நிண்டுருவாங்க."

கம்பைத் தூக்கும் கயிற்றைச் சிப்பாய் கையில் பிடித்திருந்தான். இழுக்கவில்லை.

"தம்பி, அது வெறும் விளம்பரம்," என்றேன்.

"தெரியும், மாத்தையா." அவன் முகத்தில் நான் கண்டது நம்பிக்கைதான். "யுத்தம் முடியும்னு அரசாங்கம் சும்மா சொல்லுது. நாங்க அதை நம்புறதில்ல. முதலாளி காசு குடுத்துச் சொல்றார். காசு குடுத்து யாராவது பொய் சொல்வாங்களா?"

விளம்பரக் கலைக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடைக்காது. பொன்னாடை மாளிகை இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

நாங்கள் வானுக்குள் ஏறிக்கொண்டோம். ஹயாத்து காக்கா இயந்திரத்தை முடுக்கினார். சுஹைர் என் சட்டையை இழுத்தான். "ஓம், யுத்தம் முடியும்னு சொல்லுங்க, மாமா. ஒரு சொல்லுதானே."

உண்மைதான். ஒரு சொல் சொன்னால் கம்பு உயரும். வானொலியும் அந்த முடிவைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

சிப்பாய் ஜன்னலருகே குனிந்தான். தன்னிடமிருந்த தமிழையெல்லாம் திரட்டினான்.

"மாத்தையா, முப்பது... நிச்சயம்? நான் வீட்டுக்குச் சொல்லவா?"